ஏற்காட்டு ஓடைத் தண்ணிக்கு ஆந்த்ரசைட் பில்டர் போடலாமா?

நாகலூர்_காப்பித்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கங்க. நாகலூருக்கு மேல எங்க காப்பித் தோட்டத்துல பங்களா, விருந்தினர் அறைங்க, வேலைக்காரங்க லைன் வீடுங்க எல்லாத்துக்கும் ஓடைத் தண்ணிதான். ஒரு நாளைக்கு 15,000 லிட்டர் வரைக்கும் செலவாகும். 24 அங்குல எஃப்ஆர்பி (கண்ணாடி இழை) வெசல்ல மணல் பில்டர் ஓடுது. மாசி, பங்குனியில ஒரு குறையும் இல்ல. ஐப்பசி மழை பிடிச்சா செம்மண் கரைஞ்சு தண்ணி செவசெவன்னு வருது. ரெண்டு மணி நேரத்துல பில்டர் அடைச்சுக்குது, அழுத்தமானி முள்ளு மேல ஏறி நிக்குது. பேக்வாஷ் (தண்ணியைக் கீழிருந்து மேல தள்ளிக் கழுவறது) பண்ணினா மறுபடி ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதைவிட மோசம், வடிஞ்சு வர்ற தண்ணியும் கலங்கலாத்தான் இருக்கு.

சேலத்துல ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். மணலை எல்லாம் எடுத்துட்டு வெசல் முழுக்க ஆந்த்ரசைட் நிலக்கரி போட்டுடலாம், டிடிஎஸ் குறையும், கிருமி போயிடும், வருசத்துக்கு ஒருதரம் மாத்தினா போதும்னு சொல்றார். மணலுக்குக் குடுக்கிறதைப் போலப் பல மடங்கு விலை சொல்றார். லைன் வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்காங்க, அதனால செலவைப் பத்திக் கவலை இல்ல. ஆனா சரியான வேலைக்குத்தான் செலவு பண்ணணும். விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு_நீர்ப்பொறியாளர்

தம்பி, ஆந்த்ரசைட் நல்ல பொருள். நகரங்களின் நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட எதுவும் அது செய்கிற வேலை அல்ல. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்து போயிருக்கும் உப்பு. கரைந்ததை நிலக்கரித் துகள் பிடிக்காது. கிருமிகளில் மண் துகளோடு ஒட்டி வருபவை ஓரளவு தங்கும், மற்றவை தாண்டிப் போகும். வடிகட்டிக்குப் பிறகு குளோரின் போட்டே ஆகவேண்டும். வருடா வருடம் மாற்றவும் தேவையில்லை. நல்ல கடினமான ஆந்த்ரசைட் பத்து ஆண்டுக்கு மேல் உழைக்கும். பேக்வாஷில் அடித்துக்கொண்டு போகிற சிறு அளவை மட்டும் அவ்வப்போது ஈடுகட்டினால் போதும்.

அப்படியானால் எதற்கு அதைப் போடுகிறோம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெறும் மணல் வடிகட்டியைப் பேக்வாஷ் செய்தால், முறத்தில் புடைக்கும்போது பதர் ஒதுங்குவது போல, பொடி மணல் மேலே வந்து தங்கும், பெருமணல் அடியில் போய்விடும். அடுத்து வரும் கலங்கல் நீர் முதலில் சந்திப்பதே அந்தப் பொடி மணலைத்தான். சேறு முழுவதும் மேல் இரண்டு மூன்று அங்குலத்திலேயே அப்பிக்கொள்கிறது. அடியில் இருக்கும் இரண்டடி மணல் வேலையே செய்யாமல் சும்மா கிடக்கிறது. உங்கள் அழுத்தமானி சீக்கிரம் ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

மணலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65. ஆந்த்ரசைட்டுக்கு 1.4 முதல் 1.7 வரை. இலேசானது என்பதால் துகள் பெரிதாக இருந்தாலும் பேக்வாஷுக்குப் பின் மணலுக்கு மேலேதான் அமரும். மேலே 1 மி.மீ. அளவுள்ள நிலக்கரி, கீழே 0.5 மி.மீ. அளவுள்ள மணல். தண்ணீர் முதலில் பெரிய இடுக்குகள் வழியாகவும் பிறகு சிறிய இடுக்குகள் வழியாகவும் இறங்கும். சேறு ஒரே இடத்தில் அப்பாமல் படுகையின் முழு ஆழத்திலும் பரவித் தங்கும். அதனால்தான் மணல் வடிகட்டியில் மணிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் ஓட்டுகிற இடத்தில், இரட்டை அடுக்கில் 8, 10 மீட்டர் வரை ஓட்ட முடிகிறது. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு அணுசக்தி மையத்தின் நீர் நிலையத்தில் பெற்ற அனுபவம் 1960களின் தொடக்கத்தில் வெளியானது. இந்த அடுக்கு முறை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, மணலை எடுத்துவிட்டு முழுக்க ஆந்த்ரசைட் போடச் சொன்னது உங்கள் தேவைக்குப் பொருந்தாது. 1 மி.மீ. நிலக்கரி மட்டும் இருந்தால் உங்கள் செம்மண் பொடி அப்படியே கீழே இறங்கிவிடும். மணல் இருக்கட்டும், அதன் மேல் நிலக்கரி வரட்டும்.

கன்னங்குறிச்சி_வீடு

நல்ல நேரத்துல இந்த இழை வந்திருக்கு. எங்க வீட்டு போர் தண்ணியில டிடிஎஸ் 1,400. கீசர் காயில்ல வெள்ளையாப் படிஞ்சு வருசா வருசம் மாத்த வேண்டியிருக்கு. எங்களுக்கும் ஒருத்தர் ஆந்த்ரசைட் பில்டர்தான் போடச் சொன்னார். ஐயா சொல்றதைப் பார்த்தா அது எங்களுக்கு உதவாதுங்களா?

கருப்பூர்_வேதியியல்_டீச்சர்

உதவாதுங்க. உங்க தண்ணி கலங்கலா வரலை, கண்ணாடி கணக்காத் தெளிவாத்தான வருது? அப்ப வடிகட்டறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவுல இருக்கிற மாக்னசைட் கரட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்தப் பாறையில மக்னீசியம் நிறைய. அதைச் சுத்தியிருக்கிற நிலத்தடி நீர்ல மக்னீசியம் கரைஞ்சு கடினத்தன்மை கூடுறது இயல்பு. அதுக்கு வேணுங்கிறது அயனிப் பரிமாற்ற ரெசின் இருக்கிற சாப்ட்னர். உப்பு போட்டு மறுபடி மறுபடி உயிர்ப்பிக்கிற வகை. ஒண்ணு கவனிங்க, சாப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது, மக்னீசியத்தையும் கால்சியத்தையும் எடுத்துட்டு சோடியத்தைக் குடுக்கும். கீசருக்கும் துணி துவைக்கவும் அது போதும். குடிக்க மட்டும் ஆர்ஓ வைங்க, இல்லைன்னா மேட்டூர் காவிரித் தண்ணி வர்ற நாள்ல பிடிச்சு வைங்க.

இந்திய தர அளவு ஐஎஸ் 10500 கணக்குல குடிநீருக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். மொத்தக் கடினத்தன்மை 200, வழியில்லைன்னா 600. கலங்கல் 1 என்டியு (கலங்கலை அளக்கிற அலகு), வழியில்லைன்னா 5. இந்த மூணுல ஆந்த்ரசைட் கை வைக்கிறது கடைசி ஒண்ணுல மட்டும்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஏன்னா கடையில இதை வச்சுத்தான் நிறையக் குழப்பறாங்க. ஆந்த்ரசைட் வேற, ஆக்டிவேட்டட் கார்பன் வேற. ரெண்டும் கருப்பு, ரெண்டும் கரி, ரெண்டும் சாக்குல வரும். ஆக்டிவேட்டட் கார்பன் உள்ளுக்குள்ள நுண்துளை நிறைஞ்சது, ஒரு கிராம்லயே 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரைக்கும் பரப்பு. குளோரின் நாத்தம், சில கரிமப் பொருள் இதையெல்லாம் அது உறிஞ்சி வச்சுக்கும், துளை நிறைஞ்சா மாத்தணும். ஆந்த்ரசைட்ல அந்தத் துளை இல்ல. அது துகளைத் தடுக்கிற படுகை மட்டும்தான்.

வீட்டுலயே கண்டுபிடிக்கலாம். காஞ்ச துகள் ஒரு கைப்பிடி எடுத்து கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுல போடுங்க. ஆக்டிவேட்டட் கார்பன்னா சொய்ங்னு மெல்லிசா சத்தம் வரும், துகளுக்குள்ள இருந்து பொடிப்பொடியா காத்துக்குமிழி கொஞ்ச நேரத்துக்கு ஏறிக்கிட்டே இருக்கும். ஆந்த்ரசைட் அப்படிச் செய்யாது. வெளிப்பக்கம் ஒட்டின காத்து ரெண்டு குமிழி விட்டுட்டுப் பேசாம அடியில உக்காந்துக்கும். கையில வச்சுப் பார்த்தா ஆந்த்ரசைட் உடைஞ்ச முகம் பளபளன்னு இருக்கும், விரல்ல அவ்வளவா கரி ஒட்டாது.

கன்னங்குறிச்சி_வீடு

ரொம்ப நன்றிங்க டீச்சர். சாப்ட்னருக்கே விசாரிக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை_பிட்டர்

நாகலூர் அண்ணா, நான் இந்த வேலையிலதான் இருக்கேன். ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் கேக்கிறது வேற. உங்க பேக்வாஷ் லைன் எத்தனை அங்குலம்? தண்ணி எங்கிருந்து வருது?

ஏன் கேக்கிறேன்னா, என்கிட்ட வர்ற ஆந்த்ரசைட் புகார்ல பாதிக்கு மேல மீடியா (உள்ள போடற மணல், கரி) மேல தப்பே இருக்காது. பேக்வாஷ் தண்ணி பத்தாது. 24 அங்குல வெசலோட குறுக்குப் பரப்பு 0.28 சதுர மீட்டர் சுமார். படுகை நல்லா எழும்பி, துகள் ஒண்ணோடொண்ணு உரசி, சேறு கழண்டு போகணும்னா சேலத்து வெயில் தண்ணிக்கு மணிக்கு 40 மீட்டர் வேகம் வேணும். கணக்குப் போட்டா நிமிசத்துக்கு 190 லிட்டர் கிட்ட வருது. பத்து நிமிசம் ஓட்டினா 1,900 லிட்டர். ஒரு அங்குலக் குழாயில இந்தத் தண்ணி போகவே போகாது, ரெண்டு அங்குலமாவது வேணும். மேல இருக்கிற, தண்ணிப் போக்கை மாத்தி விடற மல்டிபோர்ட் வால்வும் அந்த அளவுக்குத் திறந்து விடணும். ஒன்றரை அங்குல வால்வை வச்சுட்டு ரெண்டு அங்குலக் குழாய் போட்டும் புண்ணியம் இல்ல.

தண்ணி பத்தலைன்னா என்ன ஆகும்? சேறு மேலாப்புல மட்டும் கழுவிப் போகும், உள்ள இருக்கிறது உருண்டை உருண்டையாத் திரண்டுக்கும். நாங்க அதை மண் உருண்டைம்போம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல வெசலைத் திறந்தப்ப நெல்லிக்காய் அளவுக்கு வந்துச்சு. அரை எச்பி மோட்டார் வச்சிருந்தாங்க. அது வடிகட்டுற ஓட்டத்துக்குப் போதும், பேக்வாஷுக்குக் கால்வாசிகூட வராது.

நாகலூர்_காப்பித்தோட்டம்

தம்பி, இப்ப இருக்கிறது ஒரு அங்குலம்தான். பில்டருக்கு ஓடைத் தண்ணி அதுவாவே இறங்கி வருது, பேக்வாஷும் அதே கலங்கல் தண்ணியிலதான் நடக்குது. ஆனா பங்களாவுக்கு மேல சரிவுல ஒரு பழைய கருங்கல் தொட்டி சும்மாக் கிடக்குது. பில்டர் இருக்கிற இடத்துக்கும் அதுக்கும் உயர வித்தியாசம் 12 மீட்டர் இருக்கும். அதை நல்ல தண்ணிக்கு வச்சுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை_பிட்டர்

அண்ணா, அந்தத் தொட்டியை விடாதீங்க. மலையில இருக்கிறவங்களுக்கு இதுதான் வரம். 12 மீட்டர் உயரம் இருந்தா பேக்வாஷுக்கு மோட்டாரே வேணாம். வடிகட்டின தண்ணியைச் சின்ன மோட்டார் வச்சு மெதுவா மேல ஏத்தி 2,000 லிட்டருக்கு மேல நிறுத்தி வைங்க. பேக்வாஷ் அப்ப ரெண்டு அங்குல லைன்ல ஒரேயடியா இறக்குங்க. கரண்டு போனாலும் நடக்கும். கலங்கல் தண்ணியில பேக்வாஷ் பண்றதை நிறுத்துங்க, அடியில இருந்து சேத்தை நாமே ஏத்தற மாதிரி ஆகுது.

வாழவந்தி_விவசாயி

ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமுங்களா? இவ்வளவு வால்வு, மோட்டார், வெளிநாட்டு நிலக்கரி எல்லாம் எதுக்கு? மலைத் தோட்டத்துக்கு இடம் பஞ்சமில்ல. மெது மணல் வடிகட்டி கட்டிடலாமே. மணிக்கு 0.1, 0.2 மீட்டர் வேகத்துல தண்ணி தானா இறங்கும். மணல் மேல ஒரு உயிர்ப்படலம் உண்டாகி கிருமியையும் பெருமளவு பிடிச்சுடும். படிகாரம் வேணாம், பேக்வாஷ் வேணாம். மேல் மணலை எப்பவாவது ஒரு அங்குலம் வழிச்சு எடுத்தா போதும். 15,000 லிட்டருக்குக் கணக்குப் போட்டா நாலரைச் சதுர மீட்டர் தொட்டிக்குள்ள முடியுது. ஒண்ணைச் சுத்தம் பண்றப்ப இன்னொண்ணு ஓட ரெண்டாக் கட்டணும், அவ்வளவுதான். கல்லும் மணலும் நம்ம ஊருலயே கிடைக்குது. உள்ளூர்க் கொத்தனாரே கட்டுவார், கெட்டுப்போக ஒண்ணுமில்ல. நாட்டுல நல்ல ஆந்த்ரசைட் அரிது, கப்பல்லதான் வருது. அதை நம்பி ஒரு தோட்டத்துக் குடிதண்ணி இருக்கணுமா?

ஓய்வு_நீர்ப்பொறியாளர்

> மெது மணல் வடிகட்டி கட்டிடலாமே.

இது மதிக்க வேண்டிய யோசனை. புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால், தண்ணீரும் ஆண்டு முழுவதும் ஓரளவு தெளிவாக இருந்தால், நானே அதைத்தான் சொல்வேன். கிருமி விஷயத்தில் மெது மணலுக்கு நிகராக இந்த வேக வடிகட்டிகள் நிற்கா.

ஆனால் தம்பியின் தொல்லை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற செம்மண். கலங்கல் 10, 20 என்டியுவுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மெது மணலின் மேற்பரப்பு சில நாட்களிலேயே மூடிவிடும். வழித்து எடுத்த பிறகு உயிர்ப்படலம் மறுபடி உருவாகச் சில நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் வழித்துக்கொண்டே இருக்க நேர்ந்தால் அதன் சிறப்பே போய்விடுகிறது. முன்னால் சரளைக்கல் வடிகட்டி ஒன்று கட்டிச் சமாளிக்கலாம், பல மலைப்பகுதிகளில் செய்திருக்கிறார்கள். ஆனால் சேர்வராயன் மேட்டின் மண் வேறு மாதிரி. மேலே பாக்சைட், அதைச் சுற்றிச் செம்புறை மண். அதன் களிமண் பொடி அவ்வளவு நுண்மை. ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்தாலும் அடியில் படியாது. அந்த நுண்துகள் சரளையைத் தாண்டும், மணலைத் தாண்டும், ஆந்த்ரசைட்டையும் தாண்டும்.

தம்பி முதல் பதிவிலேயே எழுதியிருந்தார், வடிந்து வரும் தண்ணீரும் கலங்கல் என்று. நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுவது அந்த வரிதான். அடைப்புக்கு ஆந்த்ரசைட் மருந்து. வடிந்த நீரில் வரும் கலங்கலுக்கு ஆந்த்ரசைட் மருந்து அல்ல. அதற்குத் துகள்களை ஒன்று திரட்ட வேண்டும். திரட்டாமல் எந்த மீடியாவை மாற்றினாலும் காசு கரைவதுதான் மிச்சம்.

கருப்பூர்_வேதியியல்_டீச்சர்

ஐயா சொன்னதைச் செஞ்சு பார்க்கிற வழி இது. பத்து கிராம் படிகாரத்தைப் பொடிச்சு ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு வைங்க. அதுல ஒரு மில்லி எடுத்தா பத்து மில்லிகிராம் படிகாரம். கலங்கல் ஓடைத் தண்ணியை ஒரே மாதிரி ஒரு லிட்டர் பாட்டில் அஞ்சுல பிடிங்க. ஊசிக் குழல் வச்சு முதல் பாட்டிலுக்கு ஒரு மில்லி, அடுத்ததுக்கு ரெண்டு, இப்படி அஞ்சு வரைக்கும் விடுங்க. விட்டதும் ஒரு நிமிசம் வேகமாக் கலக்குங்க. அப்புறம் பதினஞ்சு நிமிசம் மெல்ல, துகள் சேர்ந்ததை உடைக்காத மாதிரி. பிறகு அரை மணி நேரம் அசைக்காம வச்சுட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க. எந்தப் பாட்டில்ல பஞ்சு பஞ்சாத் திரண்டு அடியில உக்காந்து மேல தெளிஞ்சிருக்கோ, அதுல குறைஞ்ச அளவு எதுவோ அதுதான் உங்க அளவு.

நம்ம பாட்டிங்க மண்குடத்து உட்புறத்துல தேத்தாங்கொட்டையை உரைச்சு ஆத்துத் தண்ணியைத் தெளிய வச்சதும் இதே தத்துவம்தான். வீட்டுக் குடத்துக்கு இன்னைக்கும் அது நல்ல வழி. 15,000 லிட்டருக்கு ஒவ்வொரு நாளும் ஒரே அளவுல போட முடியாதுங்கிறதால படிகாரம் சொல்றேன்.

படிகாரம் தண்ணியோட காரத்தன்மையைத் தின்னும். ஒரு மில்லிகிராம் படிகாரத்துக்கு அரை மில்லிகிராம் அளவுக்குப் போகும். மழைக்காலத்து ஓடைத் தண்ணியில காரத்தன்மை குறைவா இருந்தா, படிகாரம் போட்டும் திரளாம நிக்கும், பிஎச் இறங்கும். அந்த மாதிரி ஆனா முதல்ல கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டுட்டு அப்புறம் படிகாரம் போட்டுப் பாருங்க. மலைத் தண்ணியில இதை விட்டுடறவங்கதான் அதிகம்.

ஆத்தூர்_சேகோ

எங்க சேகோ ஆலைக்கும் தண்ணி நிறைய வேணும், அதனால இதை விடாமப் படிச்சுக்கிட்டு இருக்கேன். கிழங்கு மாவு வெள்ளையா வரணும்னா தண்ணியில செம்பொடி இருக்கக் கூடாது. என் கேள்வி இது. பாய்லருக்கு வர்ற நிலக்கரியையோ நெய்வேலிக் கரியையோ உடைச்சுச் சலிச்சுப் போட்டா ஆகாதா? எல்லாம் நிலக்கரிதான?

ஓய்வு_நீர்ப்பொறியாளர்

நெய்வேலியில் எடுப்பது லிக்னைட். ஈரம் மிகுந்தது, கையாலேயே நொறுங்கும், தண்ணீரில் பழுப்பு நிறம் விடும். வடிகட்டிக்கு ஒருக்காலும் வேண்டாம். ஆந்த்ரசைட் என்பது நிலக்கரி வகைகளிலேயே முற்றியது. கரிமம் 86 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் அமிலத்திலும் அதிகம் கரையாது, ஒன்றோடொன்று உரசினாலும் சீக்கிரம் தேயாது. பாய்லர் கரியில் சாம்பல் அதிகம், பேக்வாஷில் உடைந்து பொடியாகி ஒவ்வொரு முறையும் கருப்புத் தண்ணீர் வரும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களிலேயே இதை ஆராய்ந்தது. தேர்ந்தெடுத்த உயர்தர பிட்டுமினஸ் நிலக்கரியை ஆந்த்ரசைட்டுக்கு மாற்றாக மேல் அடுக்கில் போட முடியும் என்று காட்டினார்கள். அதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் ராம்டேக் குடிநீர் நிலையத்தில் உடைத்த தேங்காய் ஓட்டை மணலுக்கு மேல் போட்டு ஓட்டினார்கள். ஆகவே வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாழவந்தி நண்பர் சொன்ன கவலைக்கும் இதுவே என் பதில். தேங்காய் ஓடு நம் பக்கம் மலிந்து கிடக்கிறது. சீராக உடைத்துச் சலிப்பதிலும், ஊறவைத்து நிறம் போகக் கழுவுவதிலும் உழைப்பு உண்டு, அதற்கு ஆள் இருந்தால் செய்யலாம். குடிநீருக்கு முன் ஆலையின் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதற்கு உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

செவ்வாய்ப்பேட்டை_பிட்டர்

சேகோ அண்ணா, எந்தக் கரி வாங்கினாலும் ஒண்ணு செய்யுங்க. வெள்ளை பெட் பாட்டில்ல கால்வாசி உங்க மணல், கால்வாசி அந்தக் கரி, மீதி தண்ணி. நல்லாக் குலுக்கித் தலைகீழாத் திருப்பி நேராக்கி வச்சுடுங்க. கரி முழுக்க மேல தனியா உக்காந்து நடுவுல கோடு தெரிஞ்சா அளவு பொருந்துது. கரியும் மணலும் பாதிக்கு மேல கலந்துட்டா கரி அளவு மணலுக்குப் பெருசு. மணலைப் போல ரெண்டு மடங்கு அளவு இருந்தா பொருந்தும். மூணு மடங்கைத் தாண்டினா மணலுக்குள்ள இறங்க ஆரம்பிச்சுடும். கோட்டுல கொஞ்சமாக் கலக்கிறது கெடுதல் இல்ல.

சாக்குல 'ஆந்த்ரசைட்'னு அச்சடிச்சிருக்கிறதை மட்டும் பார்த்து வாங்காதீங்க. செயல் அளவு (எடையில பத்துல ஒரு பங்கு துகள் இதைவிடப் பொடியா இருக்கிற அளவு) எத்தனை, சீர்மைக் கெழு (துகளெல்லாம் எவ்வளவு ஒரே அளவுங்கிற எண்) எத்தனைன்னு கேளுங்க. சீர்மைக் கெழு 1.5க்குள்ள இருந்தா நல்ல சரக்கு, 1.7ஐத் தாண்டினா வேணாம். அந்த ரெண்டு எண்ணும் சொல்லத் தெரியாத இடத்துல நான் வாங்கறதில்ல.

நாகலூர்_காப்பித்தோட்டம்

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து மலையில நல்ல மழை, ஓடை செவந்து வந்துச்சு. டீச்சர் சொன்னபடி பாட்டில் வச்சோம். படிகாரம் மட்டும் போட்டதுல எல்லாப் பாட்டிலும் மங்கலாவே நின்னுச்சு, நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. சுண்ணாம்புத் தெளிநீர் கொஞ்சம் விட்டு மறுபடி செஞ்சோம். மூணாவது பாட்டில்ல கண்ணு முன்னாலயே செம்பஞ்சு மாதிரித் திரண்டு இறங்கிடுச்சு. மேல தண்ணி அவ்வளவு தெளிவு. அதை மூணா மடிச்ச வேட்டித் துணியில வடிச்சுப் பார்த்தேன், துணியில செம்மண் கறையே இல்ல. சாதா கலங்கல் தண்ணியை அதே துணியில ஊத்தினப்ப துணியும் செவந்துச்சு, கீழ விழுந்த தண்ணியும் செவப்பு. ஐயா சொன்னது அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுது.

லிட்டருக்கு 30 மில்லிகிராம் கணக்குல ஒரு நாளைக்கு 450 கிராம் படிகாரம் வருது. ஓடை வாய்க்கால் பில்டருக்கு முன்னால ஒரு தொட்டியில விழுது, அதுல நின்னு தெளிஞ்ச பிறகு பில்டருக்கு விடலாம்னு இருக்கேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, தண்ணி தொட்டியிலயே தெளிஞ்சுட்டா ஆந்த்ரசைட் தேவையா, இருக்கிற மணலே போதாதா? ரெண்டு, எங்க ஓடைக்கு மேல வேற தோட்டங்கள்ல காப்பிப் பழம் பல்ப்பிங் (தோல், சதை உரிக்கிறது) நடக்கும். மார்கழியில ஒரு புளிச்ச நாத்தம் வரும். அதுக்கு என்ன வழி?

ஓய்வு_நீர்ப்பொறியாளர்

முதல் சந்தேகம் சரியான சந்தேகம். தொட்டியில் எல்லாம் படிந்துவிடாது. இலேசான திரள்கள் மிதந்து வடிகட்டிக்கு வரும். படிகாரத் திரள் பொடி மணலின் மேல் விழுந்தால் சவ்வு போலப் படிந்து சீக்கிரம் மூடிவிடும். ஆந்த்ரசைட்டின் பெரிய இடுக்குகளில்தான் அது உள்ளே போய்த் தங்கும். ஆகவே படிகாரம் போடத் தொடங்கிய பிறகுதான் உங்களுக்கு ஆந்த்ரசைட் உண்மையாகவே பயன்படப்போகிறது. மணலைப் பத்து அங்குலத்துக்குக் குறைத்துவிட்டு மேலே இருபது அங்குலம் ஆந்த்ரசைட் போடுங்கள். உங்கள் வெசலுக்கு 110, 120 கிலோ பிடிக்கும். முழு வெசலுக்கும் உங்களிடம் விலை சொன்னார்களே, அதில் ஒரு பகுதி மிச்சம். நிலக்கரிக்கு மேல் படுகையின் உயரத்தில் பாதியளவாவது வெற்றிடம் விட வேண்டும், பேக்வாஷில் படுகை எழும்ப இடம் வேண்டும் அல்லவா.

வாய்க்கால் தொட்டியில் விழுகிற இடத்திலேயே படிகாரக் கரைசலைச் சொட்டவிடுங்கள், விழுகிற வேகமே வேகக் கலக்கல். தொட்டிக்குள் இரண்டு மூன்று தடுப்புச் சுவர் வைத்தால் தண்ணீர் வளைந்து வளைந்து மெதுவாகப் போகும்.

பல்ப்பிங் கழிவு கரைந்து வருகிற கரிமப் பொருள். அதைப் படிகாரம் ஓரளவே எடுக்கும், ஆந்த்ரசைட் எடுக்காது. குளோரினும் அதோடு வினைபுரிந்து வீணாகும். அந்த வாரங்களில் ஓடை நீரை எடுக்காமல் ஊற்று நீரோ சேமித்த நீரோ பயன்படுத்துவதுதான் முறை. மேலேயுள்ள தோட்டக்காரர்களிடம் கழிவுநீரைக் குழியில் தேக்கச் சொல்லிப் பேசுங்கள். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் என்று சொன்னால் கேட்பார்கள்.

மலைக்கு மட்டும் உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பிட்டர் தம்பி சொன்ன 40 மீட்டர் வேகம் சேலத்து வெப்பத்துக்கு. ஏற்காட்டில் மார்கழித் தண்ணீர் 15 டிகிரிப் பக்கம் இறங்கும். குளிர்ந்த தண்ணீர் கனமாக நகரும், துகளை அதிகம் தூக்கும். அதே வேகத்தில் விட்டால் நிலக்கரி வெளியே அடித்துப் போகும். நான்கில் ஒரு பங்கு குறைத்து, நிமிடத்துக்கு 140, 150 லிட்டரில் தொடங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_பிட்டர்

ஐயா சொன்னதுக்கு நான் செய்யற வழி: பேக்வாஷ் வெளியேறுற குழாய் வாயில வெள்ளைத் துணி கட்டிப் பாருங்க அண்ணா. கருப்புப் பொடி படிஞ்சா பரவால்ல, கைக்குத் தட்டுப்படற துகள் வந்தா வால்வைக் கொஞ்சம் மூடுங்க. சித்திரையில மறுபடி திறந்து விடுங்க. வால்வு பிடியில ரெண்டு காலத்துக்கும் பெயிண்ட்ல கோடு போட்டு வச்சுட்டா யார் ஓட்டினாலும் தப்பாது.

நிரப்பும்போது முதல்ல சரளை, அப்புறம் மணல். மணலை மட்டும் தனியா பேக்வாஷ் பண்ணித் தெளிய விடுங்க, மேல வர்ற வழவழப்புப் பொடியை வழிச்சு எடுங்க. பிறகுதான் நிலக்கரி. பாதி வெசலுக்குத் தண்ணி வச்சுட்டு அதுல கொட்டுங்க, கொட்டி ஒரு ராத்திரி ஊற விடணும். காஞ்ச கரியில காத்து ஒட்டியிருக்கும், ஊறாம பேக்வாஷ் விட்டா மிதந்து அத்தனையும் காப்பிச் செடிக்குப் போயிடும். மறுநாள் கருப்புத் தண்ணி நிக்கிற வரைக்கும் கழுவுங்க. மேல தங்கற பொடியை அரை அங்குலம் வழிச்சுடுங்க. இதை விட்டா அந்தப் பொடியே முதல் மழைக்கு அடைப்பாயிடும்.

ஒவ்வொரு பேக்வாஷுக்கு அப்புறமும் முதல் அஞ்சு பத்து நிமிசத் தண்ணியைத் தொட்டிக்கு விடாம வெளிய விடுங்க. மல்டிபோர்ட்ல 'ரின்ஸ்'னு ஒரு இடம் இருக்கு, அதுக்குத்தான்.

கருப்பூர்_வேதியியல்_டீச்சர்

குளோரின் கடைசியில, பில்டருக்கு அப்புறம். போட்டு அரை மணி நேரம் கழிச்சு, லைன் வீட்டுலயே கடைசிக் குழாய்ல பாருங்க, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் காட்டணும். சோதிக்கிற சொட்டு மருந்து டப்பா சேலத்துலயே கிடைக்கும். மழை கூடக் குறைய இருக்கிறப்ப படிகார அளவும் மாறும், அதனால பாட்டில் சோதனையை லைன் வீட்டுப் பசங்க யாருக்காவது கத்துக் குடுத்துடுங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஆர்வமாச் செய்வாங்க.

வாழவந்தி_விவசாயி

ஐயா குடுத்த விளக்கம் ஏத்துக்கிறேனுங்க. எங்க பக்கம் தண்ணி அவ்வளவு செவப்பு இல்ல, அதனால நான் மெது மணலையே கட்டப் போறேன். கேக்க வேண்டியது ஒண்ணு: படிகாரச் சேறும் பேக்வாஷ் தண்ணியும் எங்க போகும்? அதை ஓடையில விட்டா கீழ இருக்கிற நாங்கதான குடிக்கணும்?

நாகலூர்_காப்பித்தோட்டம்

விட மாட்டேனுங்க. தொட்டிக்குப் பக்கத்துல ரெண்டு குழி எடுக்கச் சொல்லியாச்சு. பேக்வாஷ் தண்ணி ஒரு குழியில நின்னு தெளிஞ்சு, மேல் தண்ணி காப்பிச் செடிக்குப் போகும். ஒரு குழி நிறைஞ்சா அடுத்ததுக்குத் திருப்பிட்டு, காஞ்ச சேறை வெட்டி எடுத்து ரோட்டுப் பள்ளத்துக்குப் போடறோம். கம்பெனிக்காரர்கிட்ட முழு வெசல் வேணாம், 1 மி.மீ. செயல் அளவு, சீர்மைக் கெழு 1.5க்குள்ள, 125 கிலோ மட்டும்னு சொல்லிட்டேன். மாதிரி ஒரு கிலோ முதல்ல அனுப்பறார். பாட்டில்ல எங்க மணலோட குலுக்கிப் பார்த்துட்டு இங்கயே எழுதறேன்.